அண்ணன்மார் முகம்

எங்கள் சிப்பித்துறைக் கோயிலில் ஒரு படம் இருக்கிறது. எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தது, ஆள் உயரத்துக்கும் மேல். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் கொண்டுவந்து மாட்டினாராம். வரைந்தது யாரென்று அவருக்காவது தெரியுமோ என்னவோ.

படத்தில் யோசேப்பு நின்றுகொண்டு தன் சொப்பனத்தைச் சொல்கிறான். அப்பா செல்லமாகத் தைத்துக்கொடுத்த வண்ணச் சட்டை உடம்பில். வானம் கறுத்துக் கிடக்கிறது, மழை இப்போது விழுமோ இன்னும் கொஞ்சம் கழித்தோ என்று இருக்கிறது. ஆனாலும் எங்கிருந்தோ ஒரு மஞ்சள் வெளிச்சம் இறங்கி அவன்மேல் மட்டும் விழுகிறது. சுற்றிலும் அறுத்துப்போட்ட கதிர்க்கட்டுகள், ஒரு நாய். அண்ணன்மார் பத்துப் பேரும் அரை இருட்டில் உட்கார்ந்தும் சாய்ந்தும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கட்டின கட்டு நிமிர்ந்து நின்றது, உங்கள் கட்டெல்லாம் சுற்றி வந்து அதைக் கும்பிட்டது என்கிறான் தம்பி. பிற்பாடு இந்த அண்ணன்மார்தான் அவனைக் குழியில் இறக்கி, அந்த வழியாகப் போன வியாபாரிகளிடம் விற்றுவிட்டார்கள்.

அந்தக் கோபம் எங்கள் ஊருக்கு வெகுகாலம் ஆறவில்லை. படத்துக்கு அடுத்தாற்போல்தான் பாவசங்கீர்த்தனத் தொட்டி. தங்கள் பாவத்தையெல்லாம் சாமியார் காதில் இறக்கிவைத்துவிட்டு வருகிறவர்கள், போகிற போக்கில் அண்ணன்மார் முகத்தில் கட்டைவிரலால் ஒரு குத்து விட்டுப் போவார்கள். யார் தொடங்கிவைத்த பழக்கமோ தெரியாது. என் அம்மா குத்தமாட்டாள், நகத்தால் சுரண்டுவாள். தலைமுறை தலைமுறையாகக் குத்திச் சுரண்டிப் பத்து முகமும் போயே போய்விட்டது. உடம்பு இருக்கும், தலைப்பாகை இருக்கும். நடுவில் வெறும் துணி தெரியும்.

திருவிழாவுக்குள் படத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று சாமியார் ஜெனோவா டீச்சரை வரவழைத்தார். பக்கத்து டவுனில் கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர். வயது நாற்பதைத் தொடாது. பேச்சு குறைவு. அவருக்குச் சீடனாக வந்து நின்றவருக்கோ ஐம்பது தாண்டியிருந்தது, முன்மண்டையில் முடி கிடையாது. அவர் எங்கள் ஊர் தனிஸ்லாஸ் அண்ணன்.

தனிஸ்லாஸ் அண்ணன் மதுரையில் சினிமா பேனர் வரைந்தவர். சாரத்தில் ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பியிருந்தார். டீச்சர் வேலை செய்வதைச் சன்னல் வழியாகப் பார்த்தவர், அன்றைக்கே உள்ளே போய், எனக்கு இந்த எண்ணெய் வேலையைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுவிட்டார். உங்களுக்குத் தெரியாததா அண்ணே என்றிருக்கிறார் டீச்சர். இவர் விடவில்லை. வானத்தையும் கதிர்க்கட்டையும் டீச்சர் எடுத்துக்கொண்டு, அண்ணன்மார் முகத்தை இவரிடம் கொடுத்தார்.

பேனர்க்காரருக்கு ஒரு கணக்கு உண்டு. கதாநாயகன் என்றால் கன்னத்தில் ரோஸும் மஞ்சளும். வில்லன் என்றால் தாடைக்குக் கீழே பச்சை, கண் ஓரத்தில் ஒரு சொட்டுச் சிவப்பு. ரோட்டில் பஸ்ஸில் போகிறவனுக்குக்கூட எவன் நல்லவன், எவன் கெட்டவன் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட வேண்டும். அந்தக் கணக்கிலேயே பத்து முகமும் போட்டார். போட்டார் என்றால் அப்படிப் போட்டார். எங்களுக்குக் கையெல்லாம் குறுகுறுத்தது, உடனே போய்க் குத்தலாம்போல.

சாயங்காலம் டீச்சர் வந்து பார்த்தார். டர்பெண்டைனில் துணியை நனைத்து, பத்தையும் துடைத்துவிட்டார்.

மறுநாளும் இவர் போட்டார், டீச்சர் துடைத்தார். அடுத்த தடவை துணியைக் கண்டதும் தனிஸ்லாஸ் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. மதுரையில் என் பேனரைப் பார்த்துக் குழந்தைகள் பயந்து அழுதிருக்கிறார்கள் டீச்சர், நீங்கள் என் வேலையைக் கரியாக்குகிறீர்களே என்றார். அப்புறம் குரலை இறக்கிக் கேட்டார்:

"சொல்லுங்க டீச்சர். தம்பியை விக்கிறவன் முகம் எப்படித்தான் இருக்கும்?"

டீச்சர் யோசேப்பைக் காட்டினார்.

"இவன் என்ன செய்றான்?"

"சொப்பனத்தைச் சொல்றான்."

"அவங்க?"

"கேக்கிறாங்க."

டீச்சர் துணியை மடித்து வைத்தார். "போய் நாலு பேர்கிட்ட இந்தக் கதையைச் சொல்லுங்க. கேக்கிறவங்க முகத்தைப் போட்டுட்டு வாங்க. விக்கிறவனை எல்லாம் தேடாதீங்க."

அப்படித்தான் தனிஸ்லாஸ் அண்ணன் கடற்கரையில் வலை தைக்கிற கொட்டகைக்கு வந்தார். நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். அன்றைக்கு மீன்பாடு மோசம். கிழிசல் அதிகம், வெயில் அதைவிட அதிகம். மனுஷன் வந்து அட்டையையும் பென்சிலையும் மடியில் வைத்துக்கொண்டு, யோசேப்பு கதை சொல்கிறேன் கேளுங்கள் என்கிறார். வேறு வேலை இல்லையா என்று ஒருவன் கேட்டான். ஆனால் அவர் சொல்லத் தொடங்கியதும் எங்களை அறியாமல் கை ஓய்ந்துவிட்டது. சினிமாவோடு கிடந்தவர் இல்லையா, கதை சொல்லத் தெரியும்.

அண்ணன்மார் காய்ந்த வெயிலில் ஆடு மேய்த்துக் களைத்துக் கிடக்கிறார்கள். தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் புதுச் சட்டையோடு வருகிறான். வந்தவன் ஒரு குடம் தண்ணீராவது கொண்டுவந்தானா? இல்லை. நீங்கள் எல்லாரும் எனக்குக் கும்பிடு போடுவீர்கள் என்று சொப்பனம் கண்டேன் என்கிறான். எங்களில் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒருவனுக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்துவிட்டது. எங்களோடு இருந்த கோரத்தான் மகன் அந்தச் சட்டைத் துணி என்ன விலை இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தான், அது அவன் முகத்திலேயே தெரிந்தது. ஒருவன் கஞ்சிச் சட்டியைப் பார்த்தபடி கேட்டான். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நினைவில்லை, படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். மூக்கையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டார்.

முகம் கோயிலில் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் ரகளைதான். அண்ணன்மாரில் ரூபன் ஒருவன்தான் தம்பியைக் காப்பாற்றப் பார்த்தவன். ஒன்பது பேருக்கும் ரூபன் ஆக வேண்டும். விற்கலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. எங்களில் எவனும் யூதா ஆக மாட்டான். பின்னே, குத்து யாருக்கு விழும் என்று தெரியாதா எங்களுக்கு? தனிஸ்லாஸ் அண்ணன் சிரித்துக்கொண்டே, யூதாவுக்கு வேறு ஆள் வைத்திருக்கிறேன் என்றார்.

ஒன்பது முகத்தையும் சாயத்தில் ஏற்றினார். பச்சை இல்லை, சிவப்பு இல்லை. டீச்சர் துணியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்தக் கஞ்சிச் சட்டி மனுஷர் நல்லா இருக்கார் என்று மட்டும் சொன்னார். தனிஸ்லாஸ் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாவது முகத்தை அவர் யாரிடமும் கதை சொல்லி வரையவில்லை. மனசிலிருந்தே போட்டார். தாடைக்குக் கீழே பச்சை, கண்ணோரம் சிவப்பு. நான் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. அவருடைய கூடப்பிறந்த அண்ணன் பெர்க்மான்ஸ்.

அந்தச் சங்கதி ஊருக்கே தெரியும். தனிஸ்லாஸ் அண்ணனுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. படகில் ஏறச் சொன்னால் ஏறமாட்டார், சுவரெல்லாம் கரியால் படம். ஒருநாள் பெர்க்மான்ஸ் அண்ணன் கடலிலிருந்து வெறும் வலையோடு வந்து கரையேறுகிறார். இவர் எதிரே போய் நின்று, நான் வானத்துக்கும் பூமிக்குமாகப் படம் போடப்போகிறேன், நீங்கள் எல்லாரும் கீழே நின்று கழுத்தை நிமிர்த்திப் பார்க்கப்போகிறீர்கள் என்றிருக்கிறார். அந்த நேரத்திலா அதைப் போய்ச் சொல்வது? பெர்க்மான்ஸ் அண்ணன் வண்ண டப்பாக்களைக் காலால் எத்திவிட்டு, பிடரியைப் பிடித்துக் கொண்டுபோய் மதுரைக்குப் போகிற கருவாட்டு லாரியில் ஏற்றிவிட்டார். இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மா சாவுக்கு வந்தபோதும் இருவரும் பேசவில்லை. இப்போது இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள், அப்போதும் பேச்சில்லை.

இது வேண்டாம் அண்ணே, ஊர் பார்த்துச் சிரிக்கும் என்றேன். சிரிக்கட்டும் என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நான் செத்த பிறகும் அந்த முகத்துல குத்து விழணும்டா."

பெர்க்மான்ஸ் அண்ணன் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவர். தன் முகத்தை ஊரே குத்துவதை அவர் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டி வரும்.

டீச்சர் வெளியூர். யாருடைய முகம் என்று அவருக்குத் தெரியாது. பத்தாவது முகத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இவருக்குக் கதை சொன்னீங்களா, அண்ணே?"

"இல்ல. இது மனசுல இருக்கு."

"எவ்வளவு நாளா?"

டீச்சர் துணியை எடுத்தார். இந்தத் தடவை அவர் துடைக்கவில்லை. அதைத் தனிஸ்லாஸ் அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் வாங்கிக் கீழே போட்டுவிட்டார். ஒன்பது பேரும் உத்தமனாக இருந்தால் யோசேப்பை விற்றது யார் டீச்சர், ஒருத்தனாவது கெட்டவன் வேண்டாமா என்று சண்டைக்கே போய்விட்டார். டீச்சர் முகத்தில் கோபம் இல்லை.

"சரி, இருக்கட்டும். நான் துடைக்கலை. இவர் முன்னால உட்கார்ந்து அந்தக் கதையை ஒரு தடவை சொல்லிட்டு வாங்க. வந்த பிறகும் இந்த முகம்தான்னு சொன்னீங்கன்னா, நானே மேல வார்னிஷ் அடிச்சுத் தர்றேன்."

போகமாட்டேன் என்றுதான் கிளம்பினார். வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. மறுநாள் காலையில் அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு இரண்டு தெருவையும் தாண்டிவிட்டார். இனிமேல் வருவது அவர் வாயாலேயே நான் கேட்டது.

பெர்க்மான்ஸ் அண்ணன் வாசலில் பாய் போட்டு வலைக்கு ஈயக்குண்டு கோர்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போவதை விட்டுச் சில வருஷம் ஆயிற்று. தலை நிமிர்ந்து பார்த்தார். பாயில் கிடந்த குண்டுகளைக் கையால் ஒதுக்கி இடம் விட்டார். தனிஸ்லாஸ் அண்ணன் உட்கார்ந்து, கோயில் படத்துக்காக ஒரு கதை சொல்லவேண்டும், கேட்டால் போதும் என்றார்.

கொட்டகையில் சரளமாகச் சொன்ன கதை இங்கே நின்று நின்று வந்தது. கதிர்க்கட்டு கும்பிடுகிற இடம் வந்ததும் இவர் பென்சிலை எடுத்தார். எதிரே இருந்த முகத்தில் பச்சையைத் தேடினார். தாடை தொங்கிப்போயிருந்தது. வெள்ளை முள் தாடி. கண்ணோரம் சிவப்பு இருந்தது, உப்புக்காற்றில் ஆயுசு முழுக்கக் கிடந்தவனுக்கு இருக்கிற சிவப்பு. சின்னப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேட்கிற மாதிரி அந்தக் கண் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. கையில் எடுத்த ஈயக்குண்டு கோர்க்கப்படாமல் அப்படியே நின்றது. இவர் சொல்லிக்கொண்டே வரைந்தார், வரைந்துகொண்டே சொன்னார். குழி வந்தது, வியாபாரிகள் வந்தார்கள், அண்ணன்மார் வீடு திரும்பினார்கள்.

பெர்க்மான்ஸ் அண்ணன் கேட்டார்: "அப்புறம் அந்த அண்ணன்மார் அவனைத் தேடலையா?"

"வேதத்துல அப்படி எழுதலை."

"தேடியிருப்பாங்க. எழுதாம விட்டிருப்பாங்க."

குண்டை நூலில் கோர்த்தார். முடிச்சுப் போட்டார். தலையைத் தூக்காமலே, நீ பேரை மஞ்சள்லதானே எழுதுவே, வலது பக்கம் கீழே என்றார்.

தனிஸ்லாஸ் அண்ணனின் பென்சில் நின்றுவிட்டது. பேனரில் பேர் போடுவதைப்பற்றி அவர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. சிப்பித்துறைக்கு எந்தப் பேனரும் வந்ததும் இல்லை. எங்கே பார்த்தீங்க என்று கேட்டார்.

தூத்துக்குடிக்கு மீன் கொண்டுபோகும்போதெல்லாம் பார்ப்பாராம். மீனைப் போட்டுவிட்டு, மதுரையிலிருந்து பேனர் வருகிற ஒவ்வொரு தியேட்டர் வாசலாகப் போய், பேனருக்குக் கீழே குனிந்து மஞ்சள் எழுத்தைத் தேடுவாராம். இருந்தால் அங்கேயே நின்று முழுப் பேனரையும் பார்ப்பாராம். உள்ளே போய் ஒரு படம்கூடப் பார்த்ததில்லையாம்.

"நீ அன்னைக்குச் சொன்ன மாதிரியே ஆச்சுடா, தம்பி," என்றார். "அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிச்சுது."

இரண்டு பேரும் அழுதார்களா என்று நான் கேட்டேன். உனக்கு எதற்கு அது என்று தனிஸ்லாஸ் அண்ணன் எரிந்து விழுந்தார். அழுதிருக்கிறார்கள்.

அன்றைக்கு அவர் கோயிலுக்கு வந்தபோது டீச்சர் மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வார்னிஷ் டப்பா, மேலே தூரிகை. இவர் நேராகப் போய்த் துணியை எடுத்து நனைத்தார். பத்தாவது முகத்தைத் தானே துடைத்தார், தாடையிலிருந்து நெற்றிவரை, மெதுவாக, எதிரே ஆள் இருக்கிறமாதிரி. டீச்சர் டீயைக் குடித்துமுடித்து, கிளாஸைக் கழுவ வெளியே போய்விட்டார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் படத்தைச் சுவரில் ஏற்றினோம். ஒன்பது ரூபன்களும் வந்திருந்தோம், பெண்சாதி பிள்ளைகளோடு. பெர்க்மான்ஸ் அண்ணனும் வந்து தூண் ஓரமாக நின்றார். படத்தைப் பார்த்து எல்லாரும் அசந்துவிட்டோம். அந்தக் கறுத்த வானத்துக்குக் கீழே எங்கள் கொட்டகையே உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தது. கோடியில் பெர்க்மான்ஸ் அண்ணன். கையில் எதையோ பிடித்தபடி, அடுத்து என்ன என்று தம்பி வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார். யோசேப்பின்மேல் விழுந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு துளி அவர் கன்னத்துக்கும் வந்திருந்தது. அது பழைய படத்தில் இருந்ததா, இவர் சேர்த்ததா, எனக்குத் தெரியாது.

சந்தியாகு உபதேசியார்தான் ஆரம்பித்தார். அவர் சிறுபிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துகிறவர், எதிலும் தெளிவு வேண்டும் அவருக்கு. கையில் இருந்த பிரம்பால் ஒவ்வொரு முகமாகச் சுட்டிக்கொண்டே வந்தார். இதில் யூதா எவன், விற்கச் சொன்ன பயல் எவன், பிள்ளைகளுக்கு நான் காட்ட வேண்டாமா என்றார். பிரம்பு நகர்ந்து நகர்ந்து கடைசி முகத்தில் வந்து நின்றது. தூண் ஓரம் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தனிஸ்லாஸ் அண்ணன் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரம்பை இறக்குங்க, உபதேசியாரே. இந்தப் படத்துல இன்னும் யாரும் யாரையும் விக்கலை."

உபதேசியாரின் பிரம்பு தானாக இறங்கியது. அப்போ பிள்ளைகளிடம் எதைச் சொல்லட்டும் என்று முணுமுணுத்தார். சொப்பனத்திலிருந்து தொடங்குங்கள் என்றார் டீச்சர். இப்போதெல்லாம் பாவசங்கீர்த்தனம் முடித்து வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை ஓங்குவார்கள். ஓங்கிய இடத்தில் மாமனோ மச்சானோ வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். விரல் அப்படியே சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிவிடும். என் அம்மா உயிரோடு இருந்தால் என் மூக்கைச் சுரண்டியிருப்பாளோ என்னவோ.

அது பிற்பாடு. அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் பெர்க்மான்ஸ் அண்ணன் தூணை விட்டுப் படத்தின் அருகே வந்தார். தன் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியில் கையூன்றிக் குனிந்து, வலது பக்கக் கீழ் மூலையில் எதையோ தேடினார். அப்புறம் இடது பக்கமும் தேடினார்.

"பேரைக் காணோமே?"

கோயில் படம் அண்ணே, யாரோ மகராசன் வரைந்தது, நான் பத்து முகம்தான் போட்டேன், இதில் என் பேரைப் போடக்கூடாது என்றார் தம்பி. பெர்க்மான்ஸ் அண்ணன் தலையை ஆட்டினார். நிமிரவில்லை. தவறவிட்டுவிட்டோமோ என்பதுபோல மூலையை மறுபடியும் பார்த்தார்.

டீச்சர் சாயம் குழைக்கிற பலகையின் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் பிதுக்கினார். மெல்லிய தூரிகை ஒன்றை அதில் தொட்டுச் சீடனிடம் நீட்டினார்.

"டீச்சர், இது என் படம் இல்லையே."

"பேர் படத்துக்கு இல்ல, அண்ணே. தேடுறவருக்கு."